பாரம் விழும் இடம்

நெடுங்கரையில் பலவேசத்தின் பஞ்சர் கடைக்கு ஜாக்கி கிடையாது. வண்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைக் கழற்றிவிடுவான். காற்று சரியாக இருக்கிற வண்டிகளைக்கூட வெளியூர்க்காரர்கள் அங்கே கொண்டுவந்து நிறுத்தி, எதற்கும் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்பார்கள். அவனும் சலிக்காமல் பார்ப்பான். ஊரில் அவனுக்கு ஜாக்கி பலவேசம் என்று பெயர். தூக்கும்போது முகத்தில் ஒரு நரம்பு புடைக்காது, மூச்சு வாங்காது. அதுதான் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜெபமலருக்கு ஆகவில்லை.

அவள் மிகைத்திறன் பிரிவைச் சேர்ந்தவள். இப்படிப்பட்ட ஆட்கள் நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அரசாங்கம் அவர்களுக்கு மிகைத்திறனாளர் என்று பெயர் வைத்தது. ஜனங்கள் சக்திக்காரர் என்றார்கள். அந்தப் பிரிவுப் போலீஸ் என்றால் கெட்ட சக்திக்காரர்களோடு மொட்டை மாடியில் கட்டிப்புரண்டு சண்டை போடுவார்கள் என்று பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. ஜெபமலர் இந்த ஆறு வருடத்தில் ஒருவனோடும் சண்டை போட்டதில்லை. அவள் வேலை வேறு. ஒருவனுக்குச் சக்தி வந்தால் அதன் சுமை வேறு எங்கோ ஒருவர் தலையில் விழும். எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வடக்கே ஒரு ஊரில் ஒருவர் சுவரைத் தாண்டிப் பார்ப்பார். திருட்டுப்போன நகைகளையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்து நல்ல பெயர் எடுத்தார். கொஞ்ச நாளில் அவருடைய தெருவில் பச்சைப்பிள்ளை முதல் எல்லாருக்கும் கண்ணாடி போட வேண்டி வந்தது. கடலோரத்தில் ஒரு பெண்மணி நெற்றியில் கைவைத்தால் காய்ச்சல் இறங்கும். இறங்கிய காய்ச்சல் அடுத்த தெரு ஆடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று தெரிவதற்குள் பாதி ஆடுகள் செத்துவிட்டன. இதற்கெல்லாம் துப்பாக்கி உதவாது. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். கேட்டதையே கேட்க வேண்டும். சொல்கிறவர் சலித்துப்போய் வேறு எதையோ பேசும்போது காது கொடுக்க வேண்டும்.

நெடுங்கரைக்கு அவளை வரவழைத்தது பங்குனி மாதத்தில் நடந்த ஒரு விபத்து. ஒரு மினி பஸ் கால்வாய்க்குள் சரிந்து விழுந்தது. பலவேசம் ஓடிப்போய், தண்ணீருக்குள் இறங்கி, பஸ்ஸை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே இருந்த அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அமைச்சர் சால்வை போட்டார். அதே நேரத்தில் ஊருக்குள் முப்பது பேர்வரை, நின்றவர் நின்ற இடத்திலும் நடந்தவர் நடந்த இடத்திலும் சுருண்டு விழுந்தார்கள். பலருக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. தையல்காரர் ஒருவர் மெஷின் மேலேயே கவிழ்ந்து இறந்துபோனார். டாக்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஊரே டிவியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இவர்களை யாரும் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை.

ஜெபமலர் சேர்த்துப் பார்த்தாள். என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்கள் என்று எல்லாம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கடைசியில் வழி காட்டியது மாசானம் என்ற குடிகாரன். மார்பைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் கிடந்தான்.

"அன்னைக்கு நான் ஒரு சொட்டு குடிக்கலம்மா," என்றான். "குடிச்ச அன்னைக்கெல்லாம் ஒழுங்கா நடந்து வந்தவன், குடிக்காத அன்னைக்கு விழுந்தேன்னா எவன் நம்புதான்?"

"எல்லா நாளும் ஒழுங்கா நடந்தா வந்தீங்க?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "சில நா ரோட்டுல கெடப்பேன். ஜாக்கி அண்ணந்தான் தோள்ல போட்டுக் கொண்டாந்து வீட்ல விடுவாரு. தங்கமான மனுசன்."

அவள் பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போனாள். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி. கால் ஒடிந்த ஒரு டீச்சரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது பலவேசம். தையல்காரர் கடைக்குப் போர்டு மாட்ட ஏணி எட்டாதபோது, அவரை இடுப்பைப் பிடித்து உயரத் தூக்கிவிட்டது பலவேசம். விழுந்தவர்கள் எல்லாரையும் எப்போதோ ஒருநாள் அவன் தூக்கியிருந்தான்.

இது சந்தேகம்தான், சாட்சி இல்லை. மேலதிகாரிக்குப் போன் செய்தாள். ஆனித் தேரோட்டம் முடியட்டும், அதுவரை ஊர் அமைதியைக் கெடுக்காதே, அங்கேயே பந்தோபஸ்தையும் பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. அதனால்தான் தேரோட்டத்தன்று காலையில் அவள் டீக்கடை பெஞ்சில் இருந்தாள். கூட அவளுடைய ஏட்டு பிரம்மநாயகம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர். தொப்பைக்காரர்.

பஞ்சர் கடை வாசலில் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். நெடுங்கரையில் தேர் நாளன்று கைக்குழந்தைகளைத் தேர்மேல் நிற்கிற குருக்களிடம் எட்டிக் கொடுப்பது வழக்கம். அவர் வாங்கி, சாமிக்குக் காட்டி, நெற்றியில் திருநீறு பூசித் திருப்பிக் கொடுப்பார். பஸ் விபத்துக்குப் பிறகு ஊர் தானாகவே இன்னொரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. குருக்கள் தூக்கினால் ஆயுசு, ஜாக்கி தூக்கினால் பலம். மூன்று மாதமாகத் தினமும் காலையில் வரிசை நின்றது. பலவேசம் ஒவ்வொரு குழந்தையையும் வாங்கி, தலைக்கு மேல் ஒரு தடவை தூக்கி, கொடுத்துவிடுவான். முகத்தில் சிரிப்பும் இருக்காது, கடுப்பும் இருக்காது. ரேஷன் கடைக்காரர் சீனி போடுகிற மாதிரிதான் செய்வான்.

அவன் மகள் பேச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு வயது இருக்கும். தாயில்லாத பிள்ளை. வரிசை முடிந்ததும் அவளும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போவாள். பலவேசம் தூக்காமல் சும்மா நிற்பான். அவள் அடுக்கி வைத்த டயர்கள்மேல் ஏறி நின்று அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூக்குகிறவனுக்குச் சொந்தப் பெண்பிள்ளை என்றால் இளக்காரம் போலிருக்கிறது என்று ஜெபமலர் நினைத்தாள். அவள் தொழிலில் இப்படி அவசரப்பட்டு நினைப்பது கூடாது. இருந்தாலும் நினைத்தாள்.

"நானும் போயி ஒரு தடவ தூக்கச் சொல்லிட்டு வந்துட்டேம்மா," என்றார் பிரம்மநாயகம். "பேரன் போட்டோ கேட்டான். பஞ்சு மூட்டய தூக்குத மாதிரி தூக்கிட்டாரு."

"உங்களை யாரு போகச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. எனக்கும் ஒரு ஆச இருக்காதா?"

திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தபோது தேரடியிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். ரத வீதியில் எவனோ காரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான், தேர் வருகிற பாதை, அண்ணன் வந்து நகர்த்த வேண்டும் என்றான். பலவேசம் கையைத் துடைத்துக்கொண்டு போனான். தெருமுனையில் அவன் குனிவதும் கார் தரையை விட்டு மேலே எழும்புவதும் பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

பிரம்மநாயகத்தின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"தோள்ல யாரோ ஒரு பைய வச்ச மாதிரி இருக்கும்மா. ரெண்டு மூணு கிலோ அரிசி இருக்கும்."

அதே நொடியில் தெரு முழுக்கக் குழந்தைகள் வீறிட்டு அழுதன. வரிசையில் நின்ற குழந்தைகள், திண்பண்டக் கடை வாசலில் நின்ற குழந்தைகள், மாடி வீடுகளுக்குள் தூளியில் கிடந்த குழந்தைகள் எல்லாம் ஒரே குரலாக. தெருமுனையில் பலவேசம் காரை இறக்கி வைத்தான். அழுகை நின்றது. பிரம்மநாயகம் தோளைத் தடவிக்கொண்டு, "பைய எடுத்துட்டாங்க," என்றார்.

டீக்கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். "இது இங்கன அடிக்கடி நடக்கும் மேடம். பிள்ளைகளுக்குத் திருஷ்டி. வெளியூர்க்காரன் கண்ணு பட்டிருக்கும் போல."

  ஜெபமலர் ஏட்டை ஓரமாக அழைத்துப் போனாள்.

"அவர் தூக்குற எந்தப் பாரத்தையும் அவர் சுமக்கலை ஏட்டய்யா. இதுவரைக்கும் யாரையெல்லாம் தூக்கினாரோ அவங்க எல்லாரும் சமமாப் பங்கு போட்டுச் சுமக்கிறாங்க. அவங்களுக்கே தெரியாது."

"அப்ப பங்குனியில முப்பது பேரு விழுந்தது..."

"அன்னைக்கு அவர் தூக்கியிருந்தது முப்பது பேரை. பஸ் அந்த முப்பது பேர் மேல விழுந்தது. இப்ப நானூறு பேருக்கு மேல இருக்கும். அதனாலதான் உங்களுக்கு ஒரு பை அரிசியோட போச்சு."

"ஆளு கூடுனா நல்லதுதானம்மா அப்ப?"

"அந்த நானூறுல முக்காவாசி கைக்குழந்தை."

பிரம்மநாயகம் தன் தோளிலிருந்து கையை எடுத்தார். அந்த அரிசிப் பையை ஒரு மூன்று மாதக் குழந்தையின் மார்பில் மனதுக்குள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். 

தேரோட்டம் முடிந்த கையோடு பலவேசத்தை உட்காரவைத்துப் பேசுவது என்று ஜெபமலர் முடிவு செய்தாள். அதுவரை அவனைத் தேரிலிருந்து தூரமாக வைத்திருக்க இரண்டு காவலர்களைக் கடையில் நிறுத்தினாள். எண்பது டன் தேர், நான்கு வடம், ஊரெல்லாம் இழுக்கிற தேர். ஒற்றை ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கப்போகிறது என்று அவள் நம்பினாள். மேற்கு ரத வீதியில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைப் போன வாரம்தான் மண்ணைப் போட்டு மூடி மேலே தார் பூசியிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

உச்சிவெயிலில் தேர் அந்தத் திருப்பத்துக்கு வந்தது. முன்சக்கரம் தாரைப் பிளந்துகொண்டு அச்சுவரை இறங்கியது. தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. வடம் இழுத்தார்கள். பின்சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்கள், ஆள் உயரத் தடிகளைக் கொடுத்து ஏறி மிதித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. பலகையும் இரும்புத் தகடும் கொண்டுவந்து பள்ளத்தில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஏற்றிவிடலாம் என்று தடிக்காரர்கள் சொன்னார்கள். அது யார் காதிலும் ஏறவில்லை. முதலில் ஒரு மூலையில் தொடங்கிய சத்தம் வீதி முழுக்கப் பரவியது. ஜாக்கி, ஜாக்கி.

திருவிழாக் கமிட்டித் தலைவரே தன் மோட்டார் சைக்கிளில் போய் அவனைக் கூட்டி வந்தார். ஜெபமலர் நிறுத்திய காவலர்கள் இரண்டு பேரும் அவனுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலவேசத்தின் கழுத்தில் யாரோ ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பேச்சி அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"எம்பது டன்னு, நானூறு பேரு," என்றார் பிரம்மநாயகம்.  "ஆளுக்கு நாலு சிமெண்டு மூட்டைம்மா. மைக்குல சொல்லிருவோமா?"

ஜெபமலர் வீதியைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் இருபதாயிரம் பேர், காலுக்குக் கீழே வடக்கயிறு. குழந்தைகளுக்கு ஆபத்து என்ற ஒரு வார்த்தை மைக்கில் போனால் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளை இருக்கிற திசைக்கு ஓடுவாள். வேறொரு ஊரில், வேறொரு திருவிழாவில், ஒரு கூட்டம் ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். அப்புறம் வீதியில் மிஞ்சிய செருப்புகளையும் பார்த்திருக்கிறாள். மைக் கூடாது. பலப்பிரயோகம் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. ஜீப்பைத் தூக்கி ஓரமாக வைக்கிறவனை ஆறு போலீஸ்காரர்கள் கையைப் பிடித்து என்ன செய்துவிட முடியும்? அதுவும் அந்த ஆறு பேரையும் அவன் தூக்கி நகர்த்தினால் அவர்களும் பங்காளி ஆவார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனாள். அவன் தேரின் முன்சக்கரத்தருகே நின்று, அச்சின் எந்த இடத்தில் கைகொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு போட்டோக்காரர் அவன் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, பாப்பாவ தோள்ல உக்கார வச்சுக்கிட்டுத் தூக்குங்க. படம் அருமையா வரும்."

பேச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் உயர்த்தினாள். பலவேசம் சூடு பட்டவன் மாதிரி பின்னால் நகர்ந்தான்.

"அதெல்லாம் வேண்டாம்!" என்று கத்தினான். போட்டோக்காரர் திகைத்துப்போனார். குழந்தை கையை இறக்கிக்கொண்டது. அதற்கு இது பழக்கம் போலிருந்தது.

ஜெபமலர் நின்ற இடத்திலேயே நின்றாள். காலையில் தான் நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. இளக்காரம் இல்லை. இவனுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். பயம் தெளிந்து அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் குரலில் காட்டாமல் பேசுவது அவள் தொழில்.

அவனுக்கு மட்டும் கேட்கிற தூரத்துக்குப் போனாள். "பலவேசம், நான் உங்களைத் தடுக்க வரலை. தாராளமா தூக்குங்க. ஒரே ஒரு காரியம். முதல்ல உங்க பிள்ளையத் தூக்குங்க. கீழ இறக்கி விட்டுட்டு, அப்புறம் தேரைத் தூக்குங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஜாக்கி, ஜாக்கி என்று வீதி அதிர்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா சொல்லுதீய?"

"நான் சொன்னது உங்களுக்கு நல்லா விளங்கிச்சு."

 அவன் மெல்லிய குரலில் வேகமாகப் பேசினான். "பஸ்ஸத் தூக்குனப்ப ஆளு கம்மி. அதான் தாங்கல. ஆளு கூடுனா கனம் கொறஞ்சிரும்மா. பிள்ளையளக் கொண்டாந்து நீட்டுதாவ, நான் வேண்டாம்னு சொல்லல. இந்தா தேரு நிக்கி. ஒத்த ஆளா இழுக்கான்? ஆயிரம் பேரு வடத்தப் பிடிக்கதுனாலதான ஓடுது? நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

"வடத்தைப் பிடிக்கிறவன் தெரிஞ்சு பிடிக்கிறான். கை வலிச்சா விட்டுட்டுப் போயி சர்பத் குடிக்கிறான். தூளியில கிடக்கிற பிள்ளை எதை விடும்?"



"தேரு எண்பது டன். ஒவ்வொரு பிள்ளை மேலயும் நாலு சிமெண்ட் மூட்டை. இந்த ஊர்ல ஒரு கைக்குழந்தை மிஞ்சாது, உங்க வீட்ல மட்டும் மிஞ்சும். உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கு. அதை உங்க பிள்ளைக்கு மட்டும் வச்சுக்கிட்டீங்க. ஊர்ப் பிள்ளைகளுக்கு வைக்கலை."

பலவேசம் வீதியைப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்து ஜாக்கி என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில் அவன் தூக்கிய குழந்தைதான். அவன் அதையே பார்த்தான். பிறகு கழுத்து மாலையைக் கழற்றினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, தேர்ச்சக்கரத்தின் மேல் வைத்தான்.

"ஊரு என்னைய சும்மா விடாதும்மா," என்றான். "என்ன சொல்லி நான் போவேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்."

ஜெபமலர் மைக்கை வாங்கினாள். பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுத் தனிநபர் யாரும் தேரைத் தூக்கக் காவல்துறை அனுமதி மறுக்கிறது என்று அறிவித்தாள்.  உடனே வீதி பிடித்துக்கொண்டது. வெளியூர்க்காரிக்கு எங்கள் தேரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். சர்ச்சுக்குப் போகிறவளுக்குச் சாமி காரியத்தில் என்ன வேலை என்றான் ஒருவன். கமிட்டித் தலைவர் போனில் மேலிடத்தைக் கூப்பிட்டார். ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வந்து அவள் தோளில் வெடித்தது. போலீஸ்காரர்களுக்குத் திட்டு வாங்குவது சம்பளத்தோடு சேர்ந்த விஷயம். இருபதாயிரம் பேர் ஒருத்தியைத் திட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பது, இருபதாயிரம் பேர் ஓடுவதைவிட எவ்வளவோ நல்லது. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பலகைக்கும் இரும்புத் தகட்டுக்கும் ஆள் அனுப்பினாள்.

தடிக்காரர்கள் வெயில் தாழும்வரை பாடுபட்டார்கள். பள்ளத்தைப் பறித்து, தகடு போட்டு, பலகை போட்டு, தடி கொடுத்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை வடம் இழுத்தபோது சக்கரம் முனகிக்கொண்டு மேலே ஏறியது. திட்டிய வாய்களெல்லாம் ஒரே குரலில் சாமி பெயரைச் சொல்லின. பலவேசம் கடைசி வடத்தின் கடைசியில் நின்றுகொண்டு கயிற்றைத் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தான். இழுக்கவில்லை. இழுக்கப் பயமாக இருந்ததாக அப்புறம் சொன்னான்.

அந்தி மயங்கும்போது தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பலவேசம் தேரடி மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கல்லில் ஒருக்களித்துப் பேச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெபமலர் போய் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். சட்டையில் இன்னும் ஈரம் இருந்தது.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"மூணு வருசம் ஆச்சும்மா. இந்தச் சக்தி அப்பத்தான் வந்துருக்கு. ஒரு மழையில எம்பொண்டாட்டிய ஓடைக்கு இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்தேன். காத்து மாதிரி இருந்தா. என்னட்டி எளைச்சுட்டன்னு கேலி பண்ணேன். மறுநா கடையில ஜாக்கி சறுக்கி, ஒரு டிரைவர் லாரிக்கு அடியில மாட்டிக்கிட்டாரு. ஒரு வெறியில கையக் குடுத்தேன், லாரி மேல வந்துட்டு. ஊரே கைதட்டுச்சு. வீட்டுக்குப் போறேன், அடுப்படியில கெடக்கா." மகள் பக்கம் திரும்பினான். "அடுப்படி ஓரமா அடுக்கி வச்ச டயரு சரிஞ்சு விழுந்துட்டுன்னு சொன்னாவ. சரிதான்னு நானும் இருந்துட்டேன். டயருக்கு அந்தக் கனம் ஏதும்மா? ஆனா அன்னையில இருந்து இவளத் தூக்குனதில்ல."

ஜெபமலர் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன்மேல் எந்தச் சட்டப்பிரிவைப் போடுவது என்று யோசித்தாள். தையல்காரருக்கு ஒரு பிரிவு இருக்குமா? மனைவிக்கு? தூக்கியதைத் தவிர அவன் வேறு ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவள் பிரிவில் யாருக்கும் இதற்குப் பதில் தெரியாது. நாளைக்கு எல்லாரும் சேர்ந்து தேடவேண்டும்.

"நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வரணும். எல்லாத்தையும் சொல்லணும். தையல்காரர் வீட்டுக்கும் தெரியணும்."

"வாறேன்."

"ஒரு ஜாக்கி வாங்கிடுங்க."

"வாங்கிருதேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "இனிமே தூக்க மாட்டேன்னு வாயால சொல்லிருவேம்மா. எவனாவது ஒருத்தன் வண்டிக்கு அடியில கெடந்து கத்துனா இந்தக் கை என்ன செய்யும்னு எனக்கே தெரியாது."

 விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருந்தார்கள். பலவேசம் மகளை எழுப்பிப் பார்த்தான். அவள் நாள் முழுக்க வெயிலில் நின்றவள், அசையவில்லை. தோளைத் தொட்டான், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தெருவில் போகிறவர்கள் இன்னும் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

"அம்மா," என்றான். "ஒரு ஒத்தாச செய்வீயளா? வீடு பக்கத்துலதான். இவள கொஞ்சம் தூக்கிட்டு வரணும்."

ஜெபமலர் எழுந்து, லத்தியை ஏட்டிடம் கொடுத்துவிட்டு, குனிந்து குழந்தையைத் தூக்கினாள். நல்ல கனம். தூங்குகிற பிள்ளைக்கு எப்போதும் இருக்கிற கனம். இடுப்பு ஒருதரம் பிடித்து விட்டது. குழந்தை தூக்கத்திலேயே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தது.

ரத வீதியில் கொஞ்ச தூரம் போனதும் பேச்சி கண்ணைத் திறக்காமல் முனகினாள்.

"எப்பா, தூக்கிட்டியா?"

ஜெபமலர் வாயைத் திறக்கவில்லை. நடையை மட்டும் மெதுவாக்கினாள்.

"ஆமாட்டி," என்றான் பின்னால் வெறுங்கையோடு நடந்து வந்தவன்.